பாண்டி சாப்பாடுன்னா எது மச்சி?

என் புராஜெக்ட் டீம்ல மதுரைக்காரன் ஒருத்தன் இருக்கான். போன மாசம் அவன் கேட்டான்: "நாலு வருஷம் முடியப் போகுது, இன்னும் ஒருநாள்கூட பாண்டி சாப்பாடு சாப்பிடலடா. எங்க கிடைக்கும்?"

நான் யோசிக்கவே இல்ல. ஒயிட் டவுனுக்குக் கூட்டிட்டுப் போனேன். மஞ்சள் சுவர், க்ரோசான், பாஸ்தா, காபி. பில் 800 ரூபாய். வெளிய வந்ததும் அவன் சொன்னான்: "நல்லாதான் இருந்துச்சு. ஆனா இதுவா நீ தினமும் சாப்பிடுற?"

என் ஊர் பாகூர். அங்கிருந்து டவுனுக்கு சுமார் 20 கிலோமீட்டர். ஏரிப் பாசனம், சுத்தி நெல் வயல். புதுச்சேரியோட நெற்களஞ்சியம்னு சொல்ற ஊர். அந்த ஊர்க்காரனுக்கே "உங்க சாப்பாடு எது"ன்னு கேட்டா பிரெஞ்சு பேக்கரிதான் ஞாபகம் வருது. இந்தப் பிரச்சனையைப் பத்திதான் எழுதுறேன்.

எங்க பக்கத்து சாப்பாடு எது? கேழ்வரகுக் கூழ். களியும் கருவாட்டுக் குழம்பும். நேத்து வெச்ச மீன் குழம்பைச் சுண்ட வெச்சு, பழைய சோத்தோட. ஏரி மீன் வறுவல். முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை. சாயந்தரம் அவிச்ச மல்லாட்டை. வில்லியனூர்லயும் பாகூர்லயும் இதை மெனு கார்டுல தேடாதீங்க. வெயில் காலத்துல ரோட்டோரக் கூழ் வண்டியில கிடைக்கும். ஆடி மாசம் மாரியம்மன் கோயில்ல ஊத்துவாங்க. மத்த நாள்ல வீட்டுலதான்.

"வீட்டுல இருக்கறதை எதுக்குக் கடையில தேடணும்?"னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா வீட்டுலயே அது குறைஞ்சுட்டு வருது. கூழ் காய்ச்ச ரெண்டு நாள் ஆகும். முந்தின நாளே மாவைக் கரைச்சுப் புளிக்க வைக்கணும், மறுநாள் நொய்யரிசியோட காய்ச்சி ஆற விடணும், அப்புறம் மோர் ஊத்தி சின்ன வெங்காயம் போட்டுக் கரைக்கணும். எங்க வீட்டுல இந்தப் பக்குவம் தெரிஞ்சது ஆயாவுக்கு மட்டும்தான். அம்மாவுக்குப் பாதி தெரியும். எனக்கு ஃபூரியர் சீரிஸ் தெரியும், கூழ் காய்ச்சத் தெரியாது.

இதுல வெட்கமும் கலந்திருக்கு. விருந்தாளி வந்தா அம்மா களிப் பானையை மூடி வெச்சுட்டு பிரியாணி வாங்கிட்டு வரச் சொல்வாங்க. நானும் குறைஞ்சவன் இல்ல. ஸ்கூல்ல டிபன் பாக்ஸ்ல கேழ்வரகு அடை இருந்தா, மூடியைப் பாதி திறந்து மறைச்சே சாப்பிட்டவன். 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சுச்சு. அதுக்கப்புறம் அதே கேழ்வரகு 'ராகி குக்கீஸ்'னு பளபள பாக்கெட்டுல வந்ததும் காசு குடுத்து வாங்கினேன்.

ஈக்வடார் தலைநகர் கீட்டோவுல மத்தியச் சந்தைன்னு ஒண்ணு இருக்கு. காய்கறி விக்கிற அதே கட்டடத்துல, உருளைக்கிழங்கு போட்ட லோக்ரோ சூப்பும் வறுத்த மீனும் கிடைக்கும். ஊர்க்காரங்க சாப்பிடுற இடத்துலயே டூரிஸ்டும் உக்காந்து சாப்பிடுறான். நம்ம ஊர்லயும் இது முடியும். வில்லியனூர்ல திருக்காமீஸ்வரர் கோயில் இருக்கு, லூர்து மாதா கோயில் இருக்கு, புவிசார் குறியீடு வாங்குன சுடுமண் பொம்மை இருக்கு. இதையெல்லாம் பாக்க வர்றவங்களுக்குக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட ஒரு இடம் வேணும். கொம்யூன் பஞ்சாயத்து ஒரு கொட்டகையும் தண்ணி வசதியும் குடுத்தா, நம்ம ஊர் மகளிர் குழுக்களே அதை நடத்திடுவாங்க.

ஒயிட் டவுனை மூடச் சொல்லல. க்ரோசான் எனக்கும் பிடிக்கும். ஆனா பாண்டின்னா அது மட்டும்தான்னு நாமளே சொல்லிட்டுத் திரியக் கூடாது.

நம்ம காலேஜ்லயே ஆரம்பிக்கலாம். கேன்டீன்ல வாரத்துக்கு ஒருநாள் கூழ் கேப்போம். அடுத்த ஃபெஸ்ட்ல சாண்ட்விச் ஸ்டால் பக்கத்துல ஒரு களி ஸ்டால் போடுவோம்.

மதுரைக்காரனை அடுத்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லிருக்கேன். சனிக்கிழமையே மாவு கரைக்கணும்னு ஆயா சொல்லிருச்சு. இந்தத் தடவை கரைக்கப் போறது நான்தான்.