தொட்டிலுக்கும் மாத வாடகையா? குழந்தைக் கருவிகளின் சந்தா நியாயமா?

பால்புட்டி வாங்கினால் ஒரு தடவை காசு, அதோடு கணக்கு முடிஞ்சது. இணையத்தில் இணையும் குழந்தைக் கருவிகளில் அந்தக் கணக்கு முடிவதே இல்லை. கேமரா, காலுறை மானிட்டர், தானாக ஆடும் தொட்டில் என எதை வாங்கினாலும், 'பிரீமியம்' என்று மாதச் சந்தா பின்னாடியே வருகிறது. இது நியாயமா?

அமெரிக்காவின் 'ஸ்னூ' தொட்டிலைப் பாருங்கள். குழந்தை நல மருத்துவர் ஹார்வி கார்ப்பின் 'ஹேப்பியஸ்ட் பேபி' நிறுவனம் 2016-ல் கொண்டுவந்தது. அழுகையைக் கேட்டுத் தானே ஆட்டும். விலை சுமார் 1,700 டாலர், நம்மூர்க் கணக்கில் லட்ச ரூபாய்க்கு மேல். 2024 ஜூலையில், அதுவரை ஆப்பில் இலவசமாக இருந்த பல வசதிகள் மாதம் 20 டாலர் சந்தாவுக்குள் போயின. ஆட்டத்தை ஒரே வேகத்தில் நிறுத்திவைப்பது, குழந்தையை மெல்ல ஆட்டத்திலிருந்து விடுவிப்பது, தூக்கப் பதிவு எல்லாம் அதில் அடக்கம். புதிதாக வாங்கினால் 9 மாதம் இலவசம். கைமாற்றி வாங்கியவர்களுக்கு அதுவும் இல்லை.

இந்தக் கடைசி விஷயம்தான் நமக்கு உறைக்க வேண்டியது. விருதுநகர் மாவட்டம் ஆலங்குளத்திலோ (தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் இல்லை, சிமென்ட் ஆலை ஆலங்குளம்), ராஜபாளையத்திலோ தொட்டில் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. அக்கா பிள்ளை படுத்த தொட்டிலில் தம்பி பிள்ளை படுக்கும், பிறகு சித்தி வீட்டுக்குப் போகும். பொருள் கைமாறும்போது மதிப்பும் சேர்ந்து கைமாறணும். சந்தா வந்துவிட்டால் கைமாறுவது மரக்கட்டையும் மோட்டாரும் மட்டும்தான். வெளிநாட்டிலிருந்து மாமா வாங்கி அனுப்பிய கருவிக்கும் இதே கதிதான்.

கட்டணமே கூடாது என்று சொல்லவில்லை. 30 நாள் வீடியோவை நிறுவனத்தின் சர்வரில் சேமித்தால் அதற்கு மாதாமாதம் செலவு இருக்கத்தான் செய்யும். அதைக் கேட்பது நியாயம், பெட்டியின் மேலேயே தெளிவாக எழுதியிருந்தால். ஆனால் மோட்டாரை ஒரே வேகத்தில் ஓடவிட எந்த சர்வர் செலவு? அந்த வசதிக்கான விலை தொட்டில் விலையிலேயே வாங்கியாச்சு. 'மிகு' மானிட்டரின் கதையும் பாதி இதுதான். 2023-ல் நிறுவனம் கைமாறியது, புதிய உரிமையாளர் மாதக் கட்டணம் கேட்டார். வாங்கியவர்கள் ஒப்புக்கொண்டது வேறொரு பேச்சுக்கு.

இன்னொன்றும் உண்டு. மற்ற சந்தாவை நிறுத்த நாம் யோசிப்பதில்லை. பச்சைக்குழந்தை விஷயத்தில், 'நிறுத்திட்டு ஏதாவது ஆயிட்டா?' என்ற பயம் விரலைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பயத்துக்கு வைக்கும் விலைதான் இது. இத்தனைக்கும், திடீர் சிசு மரணத்தைத் தடுக்க வீட்டு மானிட்டர்களை நம்ப வேண்டாம் என்றே அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி சொல்கிறது.

நம் சட்டம் என்ன சொல்கிறது? மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் 13 வகை 'டார்க் பேட்டர்ன்'களைத் தடை செய்தது. சந்தாப் பொறி அதில் ஒன்று. அதைவிடப் பொருத்தமானது 'டிரிப் பிரைசிங்': ஏற்கெனவே பணம் கட்டிய சேவையை, கூடுதலாக எதையாவது வாங்கினால்தான் தருவேன் என்று தடுப்பதும் அதில் வருகிறது. ஆனால் ஆப் வசதி 'பணம் கட்டிய சேவை'யா, இலவச இணைப்பா என்று நிறுவனம் வாதாடும். அந்த வாதத்துக்கு இடமில்லாமல், விற்கும் நாளில் இருந்த வசதியைப் பிறகு பூட்டக் கூடாது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். சந்தா எத்தனை ஆண்டுக்கு, எவ்வளவு என்பதை விலைக்குப் பக்கத்திலேயே அச்சிட வைக்கணும்.

அதுவரை? வாங்கும் முன் இணையத்தைத் துண்டித்தால் கருவி என்ன செய்யும் என்று கேளுங்கள். கேமரா என்றால் மெமரி கார்டு போடும் இடம் இருக்கிறதா பாருங்கள். விளம்பரத்தையும் பில்லையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகாருக்கு 1915. வழக்கு என்றால் நிறுவனம் இருக்கும் ஊருக்கு ஓட வேண்டாம், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. ஒப்பந்த நிபந்தனையே நியாயமற்றது என்று சொல்வதானால் மட்டும் மாநில ஆணையத்துக்குப் போகணும். அதற்கு மதுரையில் அமர்வு இருக்கிறது.