டீசலைக் குடித்தது யார்?



சென்ற மாதம் ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். கணவர் விட்டுச்சென்ற பழைய டீசல் பிக்கப் ஒன்று வீட்டில் நிற்கிறதாம். ஓடினால் டீசலுக்கே உழைப்பு போய்விடுகிறது, விற்றால் பிள்ளைகளின் வருமானம் போய்விடுகிறது. "என்ன செய்யலாம் ராத்தா?" என்று கேட்டிருக்கிறார். அவருக்கு எழுதும் பதிலை உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். இதில் நான் விட்ட பிழை ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நான் தாராபுரத்தைச் சேர்ந்தவள். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போன சிறு பிள்ளைகளில் நானும் ஒருத்தி. யுத்தம் முடிந்த பிறகுதான் ஊருக்குத் திரும்பினோம். என் கணவர் பழைய ஹைலக்ஸ் பிக்கப் ஒன்றை வாங்கினார். 2.8 லீற்றர் எஞ்சின், டர்போ கிடையாது, கம்பியூட்டர் கிடையாது. பேசாலையில் மீனும் கருவாடும் ஏற்றி முருங்கனுக்கும் வவுனியாவுக்கும் கொண்டுபோய் விற்போம். "லீற்றருக்குப் பத்து, பதினொரு கிலோமீற்றர் தருது" என்று அவர் சொல்லுவார். நான் கேட்டுக்கொள்ளுவேன். அந்தக் கணக்கு என் தலையில் விழும் என்று நினைக்கவில்லை.

2022 பெப்ரவரி நடுப்பகுதியில் அவர் மௌத்தானார். நான் இத்தாவில் இருந்தேன். நான்கு மாதமும் பத்து நாளும் பிக்கப் வேப்ப மரத்தின் கீழே அசையாமல் நின்றது. இத்தாவில் இருக்கப் போனபோது பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தில் ஒரு லீற்றர் டீசல் 121 ரூபா. வெளியே வந்தபோது, ஜூன் 26ஆம் திகதி, 460 ரூபா. பிறகு கியூஆர் அட்டை வந்தது. எங்களுக்குக் கிடைத்தது கிழமைக்கு 20 லீற்றர்.

ஓட்டுவதற்கு அடம்பன் பக்கத்துத் தம்பி ஒருவரை வைத்துக்கொண்டேன். 2009இல் தகப்பனை இழந்த பிள்ளை. தாயும் ஒரு தங்கையும் அவர் உழைப்பில்தான் இருந்தார்கள். ஓகஸ்ட் மாதம் வண்டி மறுபடி ஓடத் தொடங்கியது. நான் ஒரு பாடசாலைக் கொப்பியை எடுத்துக் கோடு போட்டு, திகதி, மீற்றர் இலக்கம், அடித்த லீற்றர், கொடுத்த காசு என்று எழுதினேன். நான்கு கிழமை முடிய கூட்டிப் பார்த்தேன். 80 லீற்றர், 600 கிலோமீற்றர். லீற்றருக்கு ஏழரை.

மன்னாரிலிருந்து வவுனியாவுக்குப் போய்வர ஏறக்குறைய 160 கிலோமீற்றர். ஏழரைப்படி 20 லீற்றருக்கு 150 கிலோமீற்றர்தான் ஓடலாம். போகலாம், திரும்பி வந்து சேர முடியாது. அப்படியென்றால் வவுனியா வியாபாரம் இல்லை. வவுனியா இல்லையென்றால் எங்கள் வீட்டில் அடுப்பும் இல்லை.

அவர் இருந்தபோது பத்து, பதினொன்று. இந்தப் பிள்ளை ஓட்டும்போது ஏழரை. இடையில் மாறியது ஓட்டுநர் மட்டும்தான் என்று என் மனம் சொன்னது. அக்காலத்தில் டீசல் ஒரு போத்தல்கூட களவாக விலைப்படும். "தம்பி, டீசல் எங்க போகுது?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட தொனி நல்ல தொனியில்லை. "நம்மட ஆளா இருந்தா இப்படிச் செய்வானா" என்ற நினைப்பும் உள்ளே இருந்தது. 1990இல் எங்களை ஊரைவிட்டு அனுப்பியவர்களின் கணக்கை, அப்போது பிறந்திராத ஒரு பிள்ளையின் தலையில் எழுதினேன்.

அவர் சத்தம் போடவில்லை. "அக்கா, நான் ஒரு துளியும் எடுக்கேல்ல. நீங்களே ஒரு கிழமை ஏறி வந்து பாருங்கோ" என்றார்.

ஏறினேன். ஒரு கிழமை முழுவதும் முன் சீற்றில் இருந்தேன். டீசல் என் கண் முன்னால் அடிக்கப்பட்டது. இரவில் தாங்கி மூடியின் சாவி என் முந்தானையில் முடிந்திருந்தது. கிழமை முடிய 20 லீற்றருக்கு 148 கிலோமீற்றர். கொஞ்சம் குறைந்ததே தவிரக் கூடவில்லை. அந்தக் கிழமையில் ஒருநாள் முருங்கனில் பெட்டி இறக்கும்போது பின் இடப்பக்கச் சக்கரத்தடியில் கருகின வாடை. கையை அருகில் கொண்டுபோனேன், அனல் அடித்தது. மற்றச் சக்கரங்கள் அப்படியில்லை. கராஜில் ஜாக்கி வைத்துத் தூக்கினபோது அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்ற முடியவில்லை. பிறேக் பிடித்தபடியே ஓடியிருக்கிறது!

டிறம்மைக் கழற்றிக் கராஜ் பாஸ் காட்டினார். சக்கரத்துக்குள் இருக்கும் பிறேக் சிலிண்டர் துருப்பிடித்து இறுகியிருந்தது. கடல் காற்று, மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர், கைப்பிறேக் போட்டபடி நான்கு மாதமும் பத்து நாளும் நின்ற நிலை, எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. ஓட்டுநர் மாறிய அதே காலத்தில்தான் சக்கரமும் இறுகியது. நான் ஒன்றை மட்டும் பார்த்தேன்.

பாஸ் மற்றவற்றையும் பார்த்தார். காற்று வடிகட்டியில் மணல் அடைந்து கிடந்தது. நான்கு டயரிலும் காற்றுக் குறைவு. எஞ்சினில் தேர்மோஸ்டற் வால்வு இருக்கவே இல்லை. எல்லாம் சரிசெய்த பின் அடுத்த நான்கு கிழமையில் 80 லீற்றருக்கு 824 கிலோமீற்றர். லீற்றருக்கு 10.3. அப்போது டீசல் 430 ரூபா. வவுனியா போய்வர முன்பு 21 லீற்றருக்கு மேல் வேண்டும், இப்போது பதினைந்தரை லீற்றர். ஒரு பயணத்தில் மட்டும் கிட்டத்தட்ட 2,500 ரூபா மிச்சம். அதைவிட முக்கியம், போன வண்டி திரும்பி வந்து சேர்ந்தது.

சகோதரிகளே, பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் பார்க்க வேண்டியவற்றை ஒழுங்காகச் சொல்கிறேன். காசு செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள்.

1. கொப்பி. தாங்கியை வாய்வரை நிரப்பி மீற்றர் இலக்கத்தை எழுதுங்கள். ஓடியபின் மறுபடி வாய்வரை நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றிய லீற்றரால் ஓடிய கிலோமீற்றரைப் பிரியுங்கள். நிரப்பக் காசில்லாவிட்டால், முள் எப்போதும் ஒரே கோட்டுக்கு வரும்போது அடித்து, நான்கு கிழமைக் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். முள்ளை வைத்து ஒரு நாள் கணக்கு மட்டும் பார்த்தால் பிழைக்கும்.

2. டயர். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டில் காற்றின் அளவு இருக்கும். வெறும் வண்டிக்கு ஒன்று, சுமைக்கு ஒன்று. காலையில் டயர் சூடாகுமுன் பாருங்கள். காற்றுக் குறைந்த டயர் மணலில் நடப்பதைப்போல எஞ்சினை இழுக்க வைக்கும்.

3. சக்கரம். ஓடி வந்து நிறுத்தியதும் நான்கு சக்கரத்துக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் கூடச் சுட்டால் பிறேக்கைக் காட்டுங்கள். கடற்கரையில் வண்டியை நெடுநாள் நிறுத்துவதானால் கைப்பிறேக் போடாமல், முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். மீன் ஏற்றிய நாளில் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் ஒருவரும் படுக்கக்கூடாது.

4. காற்று வடிகட்டி. பழைய டீசல் பம்ப், காற்றுக் குறைந்தது என்று அறிந்து டீசலைக் குறைக்காது. மிதித்த அளவுக்கு ஊற்றும். எரியாத டீசல்தான் கறுப்புப் புகையாகப் போகிறது. அதாவது உங்கள் காசு புகையாகப் போகிறது. எங்கள் தீவின் மணலுக்கு இதை அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும்.

5. தேர்மோஸ்டற். "நம்மட வெக்கைக்கு இது எதுக்கு?" என்று கழற்றிப் போடும் பழக்கம் கராஜ்களில் இருக்கிறது. எஞ்சின் தனக்குரிய சூட்டுக்கு வந்தால்தான் டீசல் நன்றாக எரியும். வால்வு இல்லாவிட்டால் சூடு ஏறப் பிந்தும், டீசல் கூடச் செல்லும். எஞ்சின் அளவுக்கு மிஞ்சிக் கொதித்தால் அதற்கு வேறு காரணம் இருக்கும். ரேடியேற்றரைப் பாருங்கள்.

6. கசிவும் நொசிலும். காலையில் வண்டிக்கடியில் ஈரம் இருக்கிறதா, டீசல் குழாய்கள் வெடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். வடிகட்டி மாற்றியும் கறுப்புப் புகை நிற்காவிட்டால் நொசில்களைக் கழற்றிச் சோதிக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். டீசல் பனிபோலத் தூவ வேண்டும். துளியாகச் சொட்டினால் வீண்.

7. ஓட்டும் விதம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏறும். 60இல் போவதைவிட 80இல் போகும்போது அது முக்கால் பங்குக்கும் மேல் கூடிவிடும். எங்கள் தீவில் 2020 டிசம்பரில் தொடங்கிய தம்பபவனி காற்றாலையின் 30 தூண்களையும் சுற்றுவது எந்தச் சோளகமோ, அதே சோளகம்தான் எதிரே வரும் பிக்கப்பையும் தள்ளுகிறது. எதிர்காற்று நாளில் வேகத்தைக் குறையுங்கள். காலி மீன் பெட்டிகளை உயர அடுக்காமல் கபினுக்குக் கீழாக அடுக்குங்கள். தலைமன்னார் வீதியில் கழுதைகள் குறுக்கே வரும். தூரத்தில் கண்டவுடனே காலை எடுத்துவிட்டால், பிறேக்கில் காசு போகாது. கியரைக் கழற்றி உருள விடுவது இலாபம் என்பது தப்பு. கியரில் இருந்து காலை எடுத்தால் பம்ப் டீசலைத் தானே நிறுத்தும். கழற்றினால் எஞ்சின் சும்மா நின்று குடிக்கும். அத்துடன் ஆபத்து.

8. சும்மா ஓடும் எஞ்சின். பெட்டி இறக்கும்போதும் விலை பேசும்போதும் எஞ்சினை நிறுத்துங்கள். இத்தகைய எஞ்சின் நின்றபடி ஒரு மணித்தியாலம் ஓடினால் அரை லீற்றருக்குக் குறையாமல் குடிக்கும்.

இனி, செய்யக்கூடாதது இரண்டு. ஒன்று மண்ணெண்ணெய் கலப்பது. 2022 ஓகஸ்ட் நடுப்பகுதி வரை மண்ணெண்ணெய் 87 ரூபாவாக இருந்தது, பிறகு ஒரே நாளில் 340 ஆனது. மலிவாக இருந்த காலத்தில் பலர் கலந்தார்கள். தடைக்காலத்தில் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடினவே என்று கேட்பீர்கள். அவை பெற்றோல் எஞ்சின்கள். டீசல் பம்பின் உள்ளுறுப்புகளுக்கு டீசலின் பிசுபிசுப்புத்தான் எண்ணெய். மண்ணெண்ணெய் அதைத் தராது, பம்ப் தேயும். லீற்றருக்கு ஓடும் தூரமும் குறையும். மற்றது, டீசல் குழாயில் கட்டும் காந்தம் போன்ற கருவிகள். அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் எரிபொருள் மிச்சம் பிடிப்பதாகச் சொல்லும் பல கருவிகளைச் சோதித்து, பெரும்பாலானவற்றில் பயனில்லை என்றே கண்டது. அந்தக் காசுக்கு ஒரு காற்று வடிகட்டி வாங்குங்கள்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு என் பதில் இது. முதலில் விற்காதீர்கள். இரண்டு மாதம் கொப்பி எழுதுங்கள். டீசல் விலையை, லீற்றருக்கு ஓடும் கிலோமீற்றரால் பிரித்தால் ஒரு கிலோமீற்றரின் செலவு தெரியும். 430 ரூபா விலையில் எனக்கு அது முன்பு 57 ரூபா, பின்பு 42 ரூபா. இன்றைய விலையைப் போட்டு நீங்கள் பாருங்கள். மேலே சொன்னவற்றைச் செய்தும் கூலி அந்தச் செலவைத் தாண்டாவிட்டால், அப்போது விற்கலாம். அப்படி விற்றால் மனத்தாங்கல் இராது.

உங்களில் பலரிடம் பிக்கப் இல்லாமல் இருக்கலாம். லாண்ட்மாஸ்டர், தோட்டத்துத் தண்ணீர்ப் பம்ப் என்று ஏதாவது இருக்கும். கணவர் கையில் இருந்த பொருள் நம் கைக்கு வரும்போது நாம் அதைத் திறந்து பார்க்கப் பயப்படுகிறோம். பயத்தில் யாரையாவது முழுதாக நம்புகிறோம், அல்லது முழுதாகச் சந்தேகிக்கிறோம். கொப்பி இருந்தால் இரண்டும் தேவையில்லை.

சக்கரம் திருத்திய மறுநாள் நான் அடம்பனுக்குப் போனேன். தம்பியின் தாயிடம், "உங்கட பிள்ளையைக் களவெண்டு நினைச்சிட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்க" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தக் கிழமை அவன் ஒழுங்காச் சாப்பிடேல்ல அக்கா" என்று மட்டும் சொன்னார். தேநீர் ஊற்றித் தந்தார். அந்தச் சொல்லுக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை, இன்றும் இல்லை.

தம்பி எங்களோடுதான் ஓடுகிறார். இப்போது கொப்பியை அவரே எழுதுகிறார். நான் கிழமைக்கு ஒருநாள் கூட்டிப் பார்த்துக் கையொப்பம் வைக்கிறேன். தாங்கிச் சாவியும் அவரிடம்தான் இருக்கிறது.

உங்கள் கொப்பிக் கணக்குகளை எனக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.