கிராம்பு சொல்லும் சேதி

வெலிங்டன் தீவின் வயதைச் சொல்வது சுலபம். 1920-ல் கொச்சிக்கு வந்த இன்ஜினியர் ராபர்ட் பிரிஸ்டோவின் துறைமுகத் திட்டத்தில், காயலைத் தூர்வாரி எடுத்த மண்ணில் உருவானது அது. எதிர்க்கரையில் மட்டாஞ்சேரி. அங்கே யூதத் தெருவின் பழம்பொருள் கடைகளில் வயதைக் கணிப்பதுதான் கஷ்டம். அதுவும் ஜப்பானியக் குறுவாள் என்றால், பழம் தின்று கொட்டை போட்ட வியாபாரியே யோசிப்பார்.

இந்த ஆயுதம் இந்தியாவுக்குப் புதிதல்ல. 1945-ல் பர்மாவிலும் மலாயாவிலும் ஜப்பானிய அதிகாரிகள் ஒப்படைத்த வாள்களில் சில, இந்தியப் படையினரோடு ஊர் வந்து சேர்ந்தன. பெரும்பாலும் போர்க்காலத் தொழிற்சாலைச் சரக்கு. சில அதிகாரிகள் மட்டும் பரம்பரைக் கத்திக்குப் புது உறை போட்டு எடுத்து வந்திருந்தார்கள். ஆகவே உறையைப் பார்த்து விலை பேசுவது ஆபத்து.

ஜப்பானிய நிபுணர்கள் முதலில் பார்ப்பது வடிவத்தை. ‘டான்டோ’ எனும் குறுவாள் சுமார் 30 செ.மீ.க்குள் அடங்கும். காமகுரா காலத்தில் (1185-1333) அது பெரும்பாலும் சிறியது, வளைவில்லாதது. 14-ம் நூற்றாண்டின் நடுவில் அகலமும் நீளமும் கூடி, லேசாக வளைகிறது.

அடுத்தது எஃகு. மடித்து மடித்து அடித்ததால் மரப்பலகை போல ரேகை ஓடும். பிறகு, களிமண் பூசிக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கும்போது விளிம்பில் படியும் வெண்மையான வரி. பழைய மரபுகள் ஐந்து: யமாஷிரோ, யமாட்டோ, பிஸென், ஸோஷு, மினோ. நேர்ரேகை யமாட்டோவின் அடையாளம். மினோவில் வரி ஆங்காங்கே கூராக எழும்பும். ஸோஷுவில் பளிச்சிடும் துகள்கள். பிஸெனின் புகழ்பெற்ற வரியோ கிராம்பு மொட்டுகளை அடுக்கியது போல இருக்கும். அதன் பெயரே ‘சோஜி’, அதாவது கிராம்பு. மிளகும் கிராம்பும் விற்ற ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தரம் முனையில் தெரியும். வெண்வரி முனைவரை சென்று திரும்ப வேண்டும். பாதியில் விளிம்போடு ஓடி மறைந்தால், முனை ஒடிந்து பிறகு தீட்டப்பட்டிருக்கலாம். மதிப்பு சரியும்.

கையெழுத்துக்குக் கடைசி இடம்தான். மாசமுனே போன்ற மேதைகளின் பெயரைப் பிற்காலத்தில் எவ்வளவோ பேர் பொறித்திருக்கிறார்கள். அதைவிட நம்பகமானது பிடிக்குள் மறைந்திருக்கும் இரும்பில் படிந்த கருந்துரு. நூற்றாண்டுகள் சேர்த்த நிறம் அது.

1948-ல் தொடங்கிய ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் கத்திகளை நேரில் ஆராய்ந்து சான்றிதழ் தருகிறது. ஆனால் 100 ஆண்டைத் தாண்டிய பழம்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய இந்தியாவின் 1972-ம் வருடச் சட்டம் இடம் தருவதில்லை. கத்தியை டோக்கியோவுக்கு அனுப்ப நினைப்பவருக்கு இது முட்டுக்கட்டை. மிஞ்சுவது விவரமறிந்தவரின் கண்ணும் தெளிவான போட்டோக்களும்தான்.

அந்தச் சாட்சியத்தையும் அழிப்பது பெரும்பாலும் வீட்டார்தான். தாத்தாவின் பெட்டியில் கிடைத்ததைப் பளபளப்பாக்க உப்புத்தாளும் புளியும் போதும். பல நூற்றாண்டு ஒரே மத்தியானத்தில் போய்விடும். மெல்லிய துணியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டு அலகை மட்டும் துடைத்து வைத்தால் நல்லது. புளி குத்துவிளக்குக்கு இருக்கட்டும்.