ஓவியக் கல்லூரி யாருக்கு?

மெரினாக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையை நாம் அறிவோம். நான்கு பேர் ஒரு பெரும் பாறையை நெம்பிப் புரட்டுகிறார்கள். நரம்பு புடைத்த அந்தக் கைகள் நமது கைகள். 1959ல் நிறுவப்பட்ட அச்சிலையை வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர்.

1850ல் தோன்றிய அந்தப் பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. ஓவியம், சிற்பம் மட்டுமல்ல. சுடுமண் கலையும் துணி வடிவமைப்பும் அங்கே பாடங்கள். கும்பகோணத்திலும் அரசுக் கல்லூரி உண்டு.

"படம் போட்டால் பசி தீருமா?" என்று பிள்ளைகளை அடக்குகிறோம். ஆலையில் நாம் நெய்யும் துணியின் கரையும் பூவும் யாரோ வரைந்து தந்தவைதானே! அந்த வேலை நம் பிள்ளைக்கு ஏன் கூடாது? களையெடுத்துத் திரும்பும் தாய், புள்ளி பிசகாமல் கோலமிடுகிறாள். அவள் மகளுக்கா கை வராது?

கலை வரலாறும் நமக்கு வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் என்றால் இராஜராஜன் பெயரே நம் வாயில் வருகிறது. குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சன் பெயரும் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. படித்தவர்தானே அதை நமக்குச் சொல்ல முடியும்?

வண்ணமும் தூரிகையும் காசு கேட்கின்றன. கூலிக்காரர் பிள்ளை அங்கேதான் இடறுகிறது. ஆகவே கோருகிறோம்: பயிற்சிப் பொருள்களை இலவசமாகக் கொடு! விடுதியும் உதவித்தொகையும் கொடு! ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் நிரந்தர ஓவிய ஆசிரியரை நியமி! படித்தவருக்கு வேலை, நம் பிள்ளைக்கு வழிகாட்டி.

தோழர்களே, வரையும் கையைத் தடுக்காதீர்கள்!