தாயார் என்றால் போதுமா?

அமெரிக்கா தேசத்தில் பள்ளிக்கூடங்களை எல்லாம் ஒரே சர்க்கார் மேலே உட்கார்ந்துகொண்டு நடத்துவதில்லை. வட்டாரத்துக்கு வட்டாரம் ஒரு கமிட்டி உண்டு. தேசம் முழுமையிலும் இப்படிப்பட்ட பள்ளிக்கூட வட்டாரங்கள் சுமார் 13,000 இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஊரார்தான் ஓட்டுப் போட்டு மெம்பர்களைத் தெரிந்தெடுக்கின்றார்கள். எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவது, எந்த உபாத்தியாயரை எங்கே போடுவது, புதுக் கட்டடம் எந்தப் பேட்டையில் எழுவது என்பனவெல்லாம் அந்தக் கமிட்டியின் கையில் இருக்கும் அதிகாரங்கள். பெரிய தேர்தல்களைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகின்றவர்கள் இந்தச் சின்ன ஸ்தானங்களை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. ஆனால் தலையெழுத்து என்று ஒன்று இருக்குமானால், பிள்ளைகளின் தலையெழுத்தை எழுதுகின்ற பிரம்மாக்கள் இந்தக் கமிட்டி மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஐந்தாறு பேர்களேயாவார்கள்.

இந்த ஸ்தானத்துக்குப் பிள்ளை பெற்ற தாயார் ஒருவர் அபேட்சகராக வந்தால் உடனே இரண்டு விதமான பேச்சுக் கிளம்பும். “அடுப்பங்கரையில் கிடப்பவளுக்கு நிர்வாகத்தைப் பற்றி என்ன தெரியும்?” என்பது ஒன்று. “பெற்ற தாய்க்குத் தெரியாதது வேறு யாருக்குத் தெரியப் போகிறது?” என்பது மற்றொன்று. முன்னதை ஆணவம் என்று யாரும் ஒப்புக்கொள்வார்கள். பின்னதைத்தான் ஜனங்கள் யோசியாமல் விழுங்கிவிடுகின்றார்கள். அதுவும் ஒருவகை பக்திதான் என்பதும், பக்தியைப் போலவே அதிலும் மோசம் போக இடமுண்டு என்பதும் நமது அபிப்பிராயம். இதற்கு மாசாசூசெட்ஸ் மாகாணத்திலுள்ள பாஸ்டன் நகரத்தின் சங்கதியைக் கொஞ்சம் விரிவாகவே எடுத்துக்காட்ட விரும்புகின்றோம்.

அந்த மாகாணத்தில் பெண்களுக்கு 1879ம் வருஷத்திலேயே பள்ளிக்கூடக் கமிட்டித் தேர்தலில் மாத்திரம் ஓட்டுக் கொடுத்தார்கள். மற்றத் தேர்தல்களில் ஓட்டுக் கிடைக்க 1920 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிள்ளை சமாச்சாரம் என்றால் பெண்கள் வரலாம், மற்றது ஆண்கள் காரியம் என்பது அன்றைய நியாயம்!

நிற்க, அந்நகரத்தில் ராக்ஸ்பரி என்பது கறுப்பு ஜனங்கள் மிகுதியாக வாழ்ந்த பேட்டை. 1921ல் அங்கே பிறந்தவர் ரூத் பேட்சன் அம்மையார். ஜமைக்காத் தீவிலிருந்து வந்து குடியேறியவர்களின் மகள். மூன்று பெண்களுக்குத் தாயார். ஒரு சமயம் வெள்ளைக்காரச் சிநேகிதி ஒருவரின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பாடம் நடப்பதும், அதே வகுப்பில் படிக்கும் தமது மகளுக்கு அது இல்லாததும் அவருக்குத் தெரியவந்தது. வேறொருவராயிருந்தால் “நம் தலைவிதி” என்று வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார். அல்லது தம் மகளை மாத்திரம் எப்படியாவது நல்ல பள்ளிக்கூடத்தில் நுழைத்துவிட்டுச் சும்மாயிருந்திருப்பார். இந்த அம்மையாரோ, கறுப்பு மக்களின் முன்னேற்றத்துக்காக 1909ல் ஏற்பட்ட தேசியச் சங்கத்தில் போய் முறையிட்டார். பிறகு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பார்த்தார். வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் வகுப்புக்குக் கொஞ்சம் பிள்ளைகள், நிரந்தரமான உபாத்தியாயர்கள், போதுமான சாமான்கள். கறுப்புப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் இடம் போதாமல் நடைவழியில்கூடப் பிள்ளைகள். இதைக் கண்ணால் கண்டு கணக்கெடுத்தார்.

1951ல் அவர் பள்ளிக்கூடக் கமிட்டிக்கு அபேட்சகராக நின்று தோற்றுப்போனார். தோற்றதில் ஆச்சரியமில்லை. கமிட்டிக்கு மெம்பர்கள் ஐவர். ஐவரையும் நகரம் முழுவதும் சேர்ந்து தெரிந்தெடுக்க வேண்டும்; பேட்டைக்கு ஒருவர் என்ற முறை கிடையாது. 1960ல்கூட அந்நகரத்தில் கறுப்பு ஜனங்கள் நூற்றுக்குச் சுமார் 9 பேர்தான். அப்படியானால் 9 பேர் சொல்லுகிறவர் எந்தக் காலத்தில் அந்த மேஜைக்கு வருவது? வகுப்புவாரி உரிமையைப் பற்றிப் பேசி ஏச்சு வாங்கிப் பழகிய நமது வாசகர்களுக்கு இதை அதிகமாய் விளக்கவேண்டியதில்லை. “எல்லோருக்கும் ஒரே ஓட்டு, ஆகவே எல்லோருக்கும் நியாயம்” என்று சொல்லுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

பத்து வருஷம் கழித்து, 1961ல், அதே கமிட்டிக்கு மற்றொரு தாயார் வந்தார். அவர் லூயிஸ் டே ஹிக்ஸ் அம்மையார். தெற்கு பாஸ்டனைச் சேர்ந்த ஒரு ஜட்ஜின் மகள். தாமும் சட்டம் படித்த வக்கீல். இரண்டு பிள்ளைகளுக்குத் தாயார். அபேட்சகர்களுக்குள் தாயாராக இருப்பவர் தாம் ஒருவரே என்று சொல்லித்தான் அவர் ஓட்டுக் கேட்டார். ஊரும் நம்பி ஓட்டளித்தது; 1963ல் கமிட்டிக்குத் தலைவருமானார்.

அவ்வருஷம் ஜூன் மாதம் 11ந் தேதி இந்த இரண்டு தாய்மாரும் எதிரெதிரே சந்தித்தார்கள். பேட்சன் அம்மையார் சங்கத்தின் சார்பில் 14 கோரிக்கைகளைக் கமிட்டியின் முன் வைத்தார். முதன்மையான கோரிக்கைக்குக் காசு செலவில்லை. பாஸ்டன் பள்ளிக்கூடங்களில் கறுப்புப் பிள்ளைகள் நடைமுறையில் தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றார்கள் என்ற உண்மையை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளுங்கள் என்பதுதான் அது. ஹிக்ஸ் அம்மையாரும் பெரும்பான்மை மெம்பர்களும் அதற்கு மட்டும் இணங்கவில்லை. பிள்ளைகள் தத்தம் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகின்றார்கள், இதில் பிரிவினை எங்கே வந்தது என்றார்கள். சேரியை ஊருக்கு வெளியே வைத்துவிட்டு, அவரவர் வீடு அங்கங்கே இருப்பதற்கு நாங்கள் என்ன செய்வது என்று கேட்கின்ற பெரிய மனிதர்களை நாம் பார்த்திருக்கின்றோம். அந்த ஜாதிப் பேச்சுத்தான் இது. ஒரு வாரம் கழித்து, ஜூன் 18ந் தேதி, ஆயிரக்கணக்கான கறுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் நின்று தங்கள் மறுப்பைக் காட்டினார்கள்.

பலன் என்ன? அந்த நவம்பர் தேர்தலில் ஹிக்ஸ் அம்மையார் முன்னைவிடப் பெருவாரியான ஓட்டுகளால் ஜெயித்தார். “ஒப்புக்கொள்ள மாட்டேன்” என்றதே அவருக்கு மூலதனமாயிற்று. 1967ல் மேயர் ஸ்தானத்துக்கு நின்று தோற்றாலும், 1970ல் அமெரிக்கக் காங்கிரசுக்கே போய்விட்டார்.

பிரிவினை உண்மையில் இருந்ததா இல்லையா என்று கேட்பீர்கள். இது நமது யூகமல்ல. கறுப்புப் பெற்றோர்கள் 1972ல் தொடுத்த வழக்கில், 1974 ஜூன் 21ந் தேதி ஜட்ஜ் கேரிட்டி என்பவர், கமிட்டி தெரிந்தே, திட்டமிட்டே பிள்ளைகளைப் பிரித்து வைத்தது என்று தீர்ப்பளித்தார். அதைச் செய்த விதம்தான் கவனிக்கத்தக்கது. வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் நிரம்பி வழியும். பக்கத்தில் கறுப்புப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் இடம் காலியாயிருக்கும். ஆனாலும் எல்லைக்கோட்டை ஒரு தெருக்கூட நகர்த்த மாட்டார்கள். “இஷ்டப்பட்ட பள்ளிக்கூடத்துக்கு மாறிக்கொள்ளலாம்” என்ற அழகான பெயரால் ஒரு விதி இருந்தது. அந்த வழியாகக் கறுப்புப் பேட்டைப் பள்ளிக்கூடத்திலிருந்து வெள்ளைப் பிள்ளைகள் நழுவினார்கள். இவ்வளவும் “வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம்” என்று சொன்ன வாயாலேயே நடந்தது. தீர்ப்பின்படி 1974 செப்டம்பரில் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிப் பள்ளிக்கூடம் மாற்றியபோது, தெற்கு பாஸ்டனில் கறுப்புப் பிள்ளைகள் இருந்த பஸ்ஸின்மேல் கல்லெறிந்தார்கள். அந்தக் கூட்டங்களில் தாய்மார்களும் இருந்தார்கள். பஸ்ஸுக்கு எதிரான கிளர்ச்சிக்குத் தலைமை வகித்தவர்களில் ஹிக்ஸ் அம்மையார் முக்கியமானவர்.

இனி விஷயத்துக்கு வருவோம். இருவரும் தாய்மாரே. இருவரும் பிள்ளைகளின் பேரால்தான் பேசினார்கள். ஹிக்ஸ் அம்மையார் தம் பேட்டையாரின் அச்சத்தைப் பொய்யாகப் பேசினார் என்றும் நாம் சொல்லவரவில்லை. அந்தப் பேட்டையில் வாழ்ந்த வெள்ளைத் தொழிலாளிகளும் ஏழைகளே. அவர்கள் பிள்ளைகளின் படிப்பும் அப்படியொன்றும் உயர்த்தியில்லை. அதைச் சரிசெய்யும்படி கமிட்டியைக் கேட்பதற்குப் பதில், பக்கத்துப் பேட்டைப் பிள்ளைமேல் கோபத்தைத் திருப்பிவிட்டதுதான் அந்த அம்மையாரின் சாமர்த்தியம். ஆகையால் பிள்ளை பெற்றிருப்பது ஒருவர் கேள்வி கேட்கப் போதுமான யோக்கியதையே தவிர, அவர் சொல்லும் பதில் சரியென்பதற்கு அத்தாட்சியல்ல. தாய்மை என்பதைத் தெய்வமாக்கிச் சாம்பிராணி போடுகிறவர்கள் பெண்களுக்கு ஒரு நன்மையும் செய்வதில்லை. பெண்ணை மனுஷியாக மதித்து, “நீ சொல்வதற்குக் கணக்கு எங்கே?” என்று ஆணைக் கேட்பதுபோலவே அவளையும் கேட்பதுதான் மரியாதை.

ஆகவே பெற்றவர் என்று சொல்லி ஓட்டுக் கேட்க வருகிறவரை நாம் கேட்கவேண்டியது சுலபமானது. அம்மா, தங்கள் பிள்ளை படிக்காத பள்ளிக்கூடத்துக்குள் எத்தனை தடவை போய்ப் பார்த்தீர்கள்? அங்கே வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள்? தாங்கள் கேட்பது கிடைத்தால் யாருடைய பிள்ளைக்குக் குறையும்? பேட்சன் அம்மையாரிடம் இவற்றுக்குப் பதில் இருந்தது. தோற்ற பிறகும் அவர் வீட்டில் போய் உட்கார்ந்துகொள்ளவில்லை. 1965ல் மாகாணச் சட்டசபை, பாதிக்குமேல் வெள்ளையரல்லாத பிள்ளைகளையே கொண்ட பள்ளிக்கூடங்களைச் சீர்செய்யவேண்டும் என்று சட்டம் செய்தது. கமிட்டி அதையும் இழுத்தடித்தது. 1966ல் நகரத்துப் பிள்ளைகள் 220 பேரைச் சுற்றுப்புறத்து ஏழு ஊர்களின் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பும் திட்டம் ஆரம்பித்தபோது அதை நடத்தியவர்களில் இந்த அம்மையாரும் ஒருவர். அவர் கேட்ட கமிட்டியில் 1977ல்தான் ஜான் ஓ’பிரையன்ட் என்ற கறுப்பர் ஒருவர் ஜெயித்து உட்கார்ந்தார். அதுவரை 26 வருஷம்! 2003 அக்டோபரில், ஒரு வாரத்துக்குள், இரு அம்மையார்களும் காலமானார்கள்.

அந்தத் தேர்தலையே பிறகு எடுத்துவிட்டார்கள். 1991ல் சட்டம் மாறி, 1992 முதல் மேயர் நியமிக்கும் ஏழு பேர்கள் கமிட்டியாயினர். தேர்தலால் சண்டை வருகிறது, கட்சி வருகிறது என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். 2021 நவம்பரில் ஊராரின் அபிப்பிராயத்தைக் கேட்டபோது நூற்றுக்குச் சுமார் 79 பேர்கள் கமிட்டியைத் தாங்களே தெரிந்தெடுக்கவேண்டும் என்று ஓட்டளித்தார்கள். நகரசபையும் அதற்கிசைந்து ஒரு மனுவை நிறைவேற்றியது. 2023 பிப்ரவரியில் மேயர் மிஷேல் வூ அம்மையார் அதைத் தள்ளிவிட்டார். அப்போது அவரும் இரண்டு பிள்ளைகளுக்குத் தாயார்.