ஆறு தாத்தாவா, மைனர் பிள்ளையா?

போன வாரம் டீக்கடையில் நண்பர் ஒருத்தரோடு வாக்குவாதம். நியூசிலாந்தில் ஒரு ஆற்றை 'ஆள்' என்று சட்டம் போட்டு ஏத்துக்கிட்டாங்கன்னு சொன்னேன். மனுஷன் புரையேறச் சிரிச்சார். "அப்போ அதுக்கு ரேஷன் கார்டு குடுத்துட்டாங்களா?"ன்னு நக்கல் வேற. பதில் சொல்லத் தெரியாமல் முழிச்சேன். நமக்குப் பதில் எல்லாம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டினப்புறம்தானே வரும் :-)

மக்களே, நண்பர் வேலை பார்க்கிறது ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில். கம்பெனிக்கு பான் கார்டு இருக்கு. சொத்து வாங்கும், கேஸ் போடும். அதை யாராவது தொட்டுப் பார்த்திருக்கீங்களா? 1896ல் லண்டனில் சாலமன் என்கிற பூட்ஸ் வியாபாரி வழக்கு. 20,007 பங்கில் 20,001 அவர் கையில், மிச்சம் ஆறு பெண்டாட்டி பிள்ளைகளிடம். இருந்தாலும் அவர் வேற ஆள், அவர் கம்பெனி வேற ஆள்னு பிரபுக்கள் சபை தீர்ப்பு சொல்லிடுச்சு. இதுக்கு நம்மாளு சிரிக்க மாட்டார். காகிதத்தில் பிறந்தது ஆளாம், மலையில் பிறந்தது மூடநம்பிக்கையாம். என்ன நியாயமய்யா இது?

அந்த ஆறு வாங்கனுயி. டொங்காரிரோ மலையில் கிளம்பி சுமார் 290 கிலோமீட்டர் ஓடிக் கடல் சேருது. அதன் கரையில் வாழும் மாவோரிகளுக்கு அது முன்னோர், தாத்தா மாதிரி. தன்னை அறிமுகப்படுத்தும்போது மாவோரி வழக்கப்படி முதலில் தன் மலை, தன் ஆறு, முன்னோர் வந்த படகு; சொந்தப் பேர் கடைசியில்தான். தோலுக்குள்ளே அடங்கினது மட்டும்தான் 'நான்' என்கிற எண்ணம் அங்கே இல்லை. (நம்ம ஊர்ப் பெருசுகளும் பேரைக் கேட்கிறதுக்கு முன்னால "யார் வீட்டுப் பிள்ளை?"ன்னுதானே கேட்கும்!) 1870கள்லேர்ந்து மனு மேல மனு. கடைசியில் 2017 மார்ச்சில் சட்டம் வந்தது. ஆற்றின் சார்பில் பேச இரண்டு பேர், கரைவாழ் குடிகளும் அரசும் சேர்ந்து நியமிக்கணும். அரசு மன்னிப்பும் கேட்டது. அதுக்காக எல்லாம் சரியாயிடுச்சுன்னு புளுக மாட்டேன். மின் திட்டத்துக்காகத் தலைப்பக்கத்துத் தண்ணியைத் திருப்பினது சட்டம் வந்தும் நிற்கவில்லை.

இதைப் படிச்சதும் இன்னொரு கோஷ்டி காலரைத் தூக்கும். "நாங்க அந்தக் காலத்துலயே கங்கையை அம்மான்னு சொல்லிட்டோம்!" சொன்னீங்க சாமி, என்ன செஞ்சீங்க? அதே 2017 மார்ச்சில் உத்தராகண்ட் உயர்நீதிமன்றமும் கங்கை, யமுனையை ஆள் என்றது. ஆனால் பெற்றோர் ஸ்தானத்தில் யாரை உட்கார வெச்சாங்க? நமாமி கங்கை இயக்குநர், தலைமைச் செயலாளர், அட்வகேட் ஜெனரல். அதாவது அம்மாவை மைனர் பிள்ளையாக்கி அதிகாரிகள் இடுப்பில் ஏத்தி வெச்சாங்க. இடுப்பில் ஏறின பிள்ளையை இறக்கிவிட உத்தராகண்ட் அரசே உச்சநீதிமன்றத்துக்கு ஓடியது. வெள்ளம் வந்து சேதமானா நஷ்டஈடு யார் குடுப்பா, நதி வேற மாநிலத்துலயும் ஓடுதேன்னு கேட்டாங்க. ஜூலையில் தடை. நாலு மாசம்கூட ஆகலை.

ஒரே மாசம், ஒரே மாதிரி வார்த்தை. அங்கே தாத்தாவுக்குப் பேரன்கள் நூறு வருஷத்துக்கு மேல மனு, வழக்குன்னு அலைஞ்சாங்க. இங்கே அம்மாவுக்கு ஆரத்தி காட்டிட்டு, சாக்கடையையும் அவ மடியிலேயே விட்டுட்டு, கேஸ் வந்ததும் "எனக்கும் இவளுக்கும் சம்பந்தமில்லை"ன்னு கை கழுவினாங்க. ஆற்றை ஆள்னு நம்பலாமா கூடாதாங்கிற சண்டையே எனக்கு வேண்டாம். அம்மான்னு கூப்பிட்ட வாய், பில் வந்ததும் ஏன் மூடிக்குது?

நாளைக்கு டீக்கடையில் நண்பரிடம் இதைத்தான் கேட்கப்போறேன். டீ அவர் செலவு.