கல்லைத் தாங்கிய கைகள்

பொக்கிஷம் தேடிப் போகும் கதைகளுக்கு உலகத்தில் என்றுமே பஞ்சமில்லை. பாழடைந்த மண்டபம், மறைந்து கிடக்கும் மாயக் கல், அதைத் துரத்தும் கள்வர்கள் - இவற்றை அப்படியே தூக்கி ஆகாயத்தில் வைத்திருக்கும் அமெரிக்கப் படம் ஒன்றைப் பற்றி நேயர்களுடன் சிறிது பேச விரும்புகிறோம். ஜேம்ஸ் கன் இயக்கி 2014-ல் வெளிவந்த 'கார்டியன்ஸ் ஆப் தி காலக்ஸி' என்பதே அது.

மோராக் என்ற ஆளரவமற்ற கிரகத்திலிருந்து பீட்டர் குவில் என்னும் வாலிபன் ஓர் உருண்டையைத் திருடுகிறான். உள்ளே இருப்பது உலகங்களைச் சுட்டெரிக்கவல்ல புராதனக் கல். அவனுக்கு அது தெரியாது. விற்றால் பணம் வரும் என்பது மட்டும் தெரியும். உருண்டையைப் பறிக்க வந்த கமோரா என்ற பெண்ணும், குவிலைப் பிடித்துக் கொடுத்துப் பரிசு பெற வந்த ராக்கெட் என்ற ராக்கூன் மிருகமும், அதன் தோழனாகிய க்ரூட் என்ற நடமாடும் மரமும் நடுவீதியில் சண்டையிட்டு, எல்லோருமாகச் சிறைக்குப் போகிறார்கள். அங்கே டிராக்ஸ் என்ற மல்லனும் சேர, ஐவரும் தப்பியோடுகிறார்கள். பஞ்ச பாண்டவர் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. ஒருவரையொருவர் விற்றுவிடத் தயங்காத ஐவர்!

கல்லை விலை பேசப் போகும் இடம் வெகு விசேஷம். மாண்டுபோன பூர்வகாலத் தேவன் ஒருவனுடைய தலை. அதற்குள் ஓர் ஊர்! அவனுடைய எலும்பையும் மூளையையும் சுரங்கம் போல் வெட்டி எடுக்கிறார்கள். அவ்வூரில் 'கலெக்டர்' என்று ஒரு பிரபு. (ஜில்லாக் கலெக்டருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. அரிய பொருள்களையும் ஜீவன்களையும் கண்ணாடிக் கூண்டுகளில் சேர்த்து வைப்பதே இவர் தொழில்.) கல்லின் சரித்திரத்தை அவர் சொல்லுகிறார்: சாதாரண ஜீவன் தொட்டால் பஸ்பம், முன்னொரு சமயம் சிலர் கூடி அதன் சக்தியைப் பகிர்ந்து தாங்கினார்கள், அவர்களும் விரைவில் அழிந்தார்கள். சொல்லி முடித்த சற்றைக்கெல்லாம், அவருடைய கொடுமையைப் பொறுக்கமாட்டாத பணிப்பெண் கல்லைப் பற்றிவிடுகிறாள். அவளும் மாய்கிறாள், கூடமும் வெடித்துச் சிதறுகிறது. படம் அவளுக்காக ஒரு நிமிஷமும் நிற்கவில்லை. நம்மால் அவளை மறக்க முடியவில்லை. அவளோடு சேர்ந்து பற்ற இன்னொரு கை அங்கே நீளவில்லை.

முடிவில் ரோனன் என்ற வெறியன் கல்லைத் தன் சம்மட்டியில் பதித்துக்கொண்டு சாண்டார் கிரகத்தை அழிக்க வருகிறான். நண்பர்களைக் காக்கத் தன் கிளைகளாலேயே கூடு பின்னிய க்ரூட் சிதறிப் போகிறது. சம்மட்டி உடைகிறது, கல்லைக் குவில் பாய்ந்து பற்றுகிறான், உடல் பிளக்கத் தொடங்குகிறது. கமோரா கையை நீட்டுகிறாள். 1988-ல், மரணப் படுக்கையிலிருந்து தாய் நீட்டிய கையைப் பற்ற அஞ்சி முகம் திருப்பிய சிறுவன் அவன். கமோராவின் கை இப்போது அவனுக்குத் தாயின் கையாகத் தோன்றுகிறது. பற்றிக்கொள்கிறான். டிராக்ஸ் அவன் தோளைப் பிடிக்க, ராக்கெட் டிராக்ஸின் விரலைப் பிடிக்கிறது. நால்வருமாகக் கல்லைத் தாங்குகிறார்கள்.

இத்தோடு விட்டிருக்கலாம். வெற்றிக்குப் பின் சாண்டாரின் தலைவி, குவிலின் தகப்பன் மானிடன் அல்லன், ஏதோ புராதன ஜாதி என்கிறாள். கல்லை அவ்வளவு நேரம் தாங்கியது அதனால்தான் போலும் என்ற பேச்சும் எழுகிறது. இது நமக்கு உறுத்திற்று. வகுப்பில் ஒரு பையன் முட்டி மோதிக் கணக்கைப் போட்டு முடித்ததும், 'அவன் தகப்பனார் கணக்கப்பிள்ளை அல்லவா!' என்பார்கள். அப்போது பையனின் முகம் வாடுவதை நாம் கண்டிருக்கிறோம். டிராக்ஸும் ராக்கெட்டும் எந்தத் தேவ வம்சத்தில் பிறந்தவர்கள்?

கன் 2017-ல் எடுத்த இரண்டாம் படத்தில் இதற்கு விடை இருக்கிறது. தகப்பன் ஈகோ வந்து சேருகிறான். உயிருள்ள ஒரு கிரகமே அவன் சரீரம். மகனுக்குச் சாகாவரத்தைக் காட்டுகிறான். தாயின் மூளையில் கட்டியை வைத்தவன் தானே என்பதையும் வாய்தவறிச் சொல்லிவிடுகிறான். மகன் உடனே துப்பாக்கியை எடுக்கிறான். ஈகோ அழிந்ததும் குவிலின் தேவ சக்தியும் ஒழிகிறது. மூச்சு விட முடியாத வெளியில், கைவசம் இருந்த ஒரே கவசத்தை அவனுக்கு மாட்டிவிட்டுத் தான் உறைந்து சாகிறான் யோண்டு - அவனைக் குழந்தையில் தூக்கிச் சென்று வளர்த்த கொள்ளைக்காரன். யோண்டுவை விலக்கி வைத்திருந்த கொள்ளைக் கூட்டத்தாரின் கப்பல்களெல்லாம் அவனுடைய ஈமச் சடங்குக்கு வந்து, வண்ண வண்ணமாக வாணம் விடுகின்றன.